முப்புரி அறுக்கும் கத்தரி

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் தெருமுனைக் காலி மனையில் தண்ணீர் தேங்கிவிடும். சில நாளில் அதில் கறுப்புப் புள்ளிகளாகத் தலைப்பிரட்டைகள் நெளியும். பையன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி வந்து, மீன்குஞ்சு என்று சத்தியம் செய்து, சன்னலோரம் வைப்பார்கள். வாரங்கள் போகும். பின்னங்கால் முளைக்கும், முன்னங்கால் முளைக்கும், வால் குட்டையாகிக்கொண்டே வரும். ஒரு நாள் பார்த்தால் வாலே இருக்காது. அது எங்கே விழுந்தது என்று பாட்டிலின் அடியைக் குச்சியால் துழாவிய பையன்களில் நானும் ஒருவன். பல்லி வாலைப் போல அறுந்து விழுகிற சமாச்சாரம் இல்லை அது. இருந்த இடத்திலேயே கரைந்து, தவளையின் உடம்புக்கே தீனியாகிப் போயிருக்கும்.

கரைவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். வாலுக்கு உருவம் கொடுக்கும் சரக்கு கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றுக்கும் அதுதான் நார்க்கயிறு. உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. அதை அறுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஆட்டுக்கால் பாயா வைக்கிறவர்களுக்குத் தெரியும், குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும் என்று. அவ்வளவு கொதியில்தான் அந்தக் கயிறு பிரிந்து ஜெலட்டினாகிக் குழம்பில் இறங்கும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலை பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், கொட்டாது. கூழாகக் கட்டிப்போய் நிற்கும். பிரிந்த கயிறுகள் மறுபடி பின்னிக்கொள்ளப் பார்த்த கோலம் அது.

தலைப்பிரட்டைக்குக் குக்கர் இல்லை. குட்டைத் தண்ணீரின் சூட்டில், அமிலமும் காரமும் இல்லாத உடம்புக்குள், அது எப்படித் தன் வாலைக் கரைத்தது? நம் குடலில் புரதத்தை நொறுக்கும் டிரிப்சின்கூடப் பின்னல் குலையாத கொலாஜனைக் கண்டால் விலகிப் போய்விடும்.

காரணம் அந்தப் பின்னல்தான். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தது சென்னை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. 1952-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் ஒருவருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஜி. என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரேயில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இலும் 1955-இலும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள். மூன்றாவதாக வருவதெல்லாம் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. முப்புரியின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லாத அளவுக்கு இறுக்கமான முறுக்கு. நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை. இந்தக் கதையில் கங்காருவின் வாலும் தலைப்பிரட்டையின் வாலும் பத்தே ஆண்டுக்குள் அடுத்தடுத்து வந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இந்த முப்புரியை அறுக்கும் கத்தரியைத் தேடியவர்கள் வெகுகாலம் வெறுங்கையோடு திரும்பினார்கள். திசுவை அரைத்து, வடிகட்டி, சாற்றில் தேடினார்கள். வாயு அழுகல் நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவிடம் அப்படியொரு நொதி இருப்பது தெரிந்திருந்தது, விலங்குகளிடம் கிடைக்கவில்லை. பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஜெரோம் கிராஸுக்கும், பெல்ஜியத்திலிருந்து வந்த சார்ல்ஸ் லாப்பியேருக்கும் வேறு யோசனை வந்தது. அரைத்தால்தானே கிடைக்கவில்லை, உயிரோடு வைத்துப் பார்த்தால் என்ன?

பெரிய தவளை இனம் ஒன்றின் தலைப்பிரட்டையை எடுத்து, வால் துடுப்பில் துணுக்கு வெட்டினார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கொலாஜனைக் கட்டவைத்தார்கள். பால் கலந்த கடற்பாசி போல மங்கலாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அதன்மேல் துணுக்கை வைத்து, சாகாமல் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் துணுக்கைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் விழுந்தது. மங்கல் மறைந்து கண்ணாடி தெரிந்தது. வளையம் அகன்றுகொண்டே போனது. கொன்று அரைத்த திசுவில் இல்லாதது உயிருள்ள திசுவில் இருந்தது. இந்த நொதியை உடம்பு சேமித்து வைப்பதில்லை. வேலை வரும்போது செய்கிறது, முடிந்ததும் அடக்கிவிடுகிறது. 1962-இல் அவர்கள் எழுதிய கட்டுரை சில பக்கங்கள்தான். கொலாஜனேஸ் என்ற இந்த நொதி விலங்குலகத்தில் பேரெடுத்தது அன்றைக்குத்தான்.

அதன் வேலைத் திறனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆயிரம் மணி கோத்த சங்கிலி மூன்று முறுக்கிக் கிடக்கின்றன. கொலாஜனேஸ் கண்ட இடத்தில் வாய் வைப்பதில்லை. ஒரு முனையிலிருந்து நான்கில் மூன்று பங்கு தூரத்தில் ஒரே ஓர் இடம்; 775-ஆம் மணிக்கும் 776-ஆம் மணிக்கும் நடுவே. அங்கே மூன்று சங்கிலியையும் அறுக்கும். முக்கால் துண்டு ஒன்று, கால் துண்டு ஒன்று. அறுபட்டதும் துண்டுகளுக்கு உடம்புச் சூட்டைத் தாங்கும் தெம்பு போய்விடும். தானாகப் புரி பிரிந்து ஜெலட்டினாகும். குக்கரில் அரை மணி நேரம் ஆகிற காரியம் ஓர் அறுப்பில் முடிந்தது. அப்புறம் ஜெலட்டினை மெல்ல வேறு நொதிகள் இருக்கின்றன.

இதில் ஒரு புதிர் இருந்தது. நொதியின் வாய், அதாவது துத்தநாக அணு ஒன்று உட்கார்ந்திருக்கும் பள்ளம், அரை நானோமீட்டர் அகலம்தான். கயிறோ ஒன்றரை. இந்த வாய்க்குள் அந்தக் கயிறு நுழைய வழியே இல்லை. 2004-இல் விடை வந்தது: முதலில் முறுக்கைத் தளர்த்தி, ஒரு புரியை மட்டும் இழுத்து வாய்க்குக் கொடுத்து, ஒவ்வொன்றாக அறுக்கிறது. தாம்புக்கயிற்றைக் கையால் அறுக்கத் தெரிந்த எந்த ஆளும் அப்படித்தான் செய்வார். அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு குழு, இந்த நொதி கொலாஜன் நாரின்மேல் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவதைக் கண்டது. அறுத்த இடத்தில் பின்வாங்க முடியாது, பாதை போய்விட்டதே. அதனால் முன்னால்தான் நகரும். தன் பின்னால் பாலத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டே நடக்கும் ஆள்.

இவ்வளவு கூரான ஒன்றை உடம்பு திறந்த கத்தியாக வைத்திருக்குமா? நொதி பிறக்கும்போதே அதன் வாயில் ஓர் அடைப்பு இருக்கும். சங்கிலியின் முன்பகுதி மடங்கி வந்து, அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது வந்து அந்த அடைப்பை வெட்டிவிட்டால்தான் வாய் திறக்கும். 1990-இல் இதற்குச் சிஸ்டீன் சுவிட்ச் என்று பெயர் வைத்தார்கள். திறந்த பிறகும் நிம்மதி இல்லை. டிம்ப் என்ற நான்கு தடுப்புப் புரதங்கள் திசுவெங்கும் காவல் நிற்கின்றன. உறைக்குள் கத்தி, பக்கத்திலேயே கான்ஸ்டபிள். அப்படித்தான் இது காலம் காலமாக ஒழுங்காக வேலை பார்த்து வந்தது. பிரசவமான அன்று ஒரு கிலோ எடை இருக்கும் கருப்பை ஆறு வாரத்தில் 60, 70 கிராமாகச் சுருங்குகிறதே, அங்கே தேவையில்லாத கொலாஜனைப் பிரிப்பது கொலாஜனேஸும் அதன் உறவு நொதிகளும் சேர்ந்த குடும்பம்தான். காயம் ஆறும்போது, குழந்தையின் எலும்பு வளரும்போது, ரத்தத்துக்குப் புதுக் குழாய் முளைக்கும்போது, எல்லாவற்றிலும் இதன் கை இருக்கும். மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் 23 பேர். எண்ணால்தான் கூப்பிடுவார்கள்: எம்எம்பி-1, எம்எம்பி-2, எம்எம்பி-9 என்று. பெயர் வைக்கும் பொறுமை ஆராய்ச்சியாளர்களுக்குத் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

இனி அது கெட்ட சகவாசத்தில் சேர்ந்த கதை.

நம் தோலும், வாயின் உள்சுவரும், மார்பகத்தின் பால்குழாயும், குடலின் உள்பூச்சும் நெருங்கி ஒட்டிய செல்களின் அடுக்கால் ஆனவை. அந்த அடுக்குக்குக் கீழே ஒரு மெல்லிய விரிப்பு உண்டு. அடிச்சவ்வு என்பார்கள். கொலாஜனில் நான்காம் வகை அதில் கயிறாக இல்லாமல் வலையாகக் கோத்துக் கிடக்கும். விரிப்புக்கு மேலே ரத்தக்குழாய் இல்லை, கீழேதான் இருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய் விரிப்புக்கு மேலே பிறக்கிறது. அங்கேயே கிடக்கும் வரை அதற்கு நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போக வழியில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘இன் சிட்டு’ என்று போட்டிருந்தால் விரிப்பு கிழியவில்லை. ‘இன்வேசிவ்’ என்றால் கிழிந்துவிட்டது. ஒரு சொல்லில் வைத்தியமே மாறிவிடும்.

என் அத்தை ஒருமுறை அப்படியொரு ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். “இதுல என்னப்பா எழுதியிருக்கு, நல்லதா கெட்டதா?”

“இன்னும் வேலி தாண்டலை அத்தை” என்றேன்.

“அப்போ தாண்டாம இருக்கச் சொல்லு.”

அதைச் சொல்லத்தான் உலகம் பல கோடி டாலர் செலவழித்திருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

விரிப்பைக் கிழிப்பது யார்? அமெரிக்காவில் பெதஸ்டா தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த லான்ஸ் லியோட்டாவும் கூட்டாளிகளும் 1979-இல், பரவும் தன்மையுள்ள ஓர் எலிக் கட்டியிலிருந்து நான்காம் வகைக் கொலாஜனைத் தின்னும் நொதியைப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு இன்னும் அழுத்தமாக ஒன்று. அதிகம் பரவுவது, குறைவாகப் பரவுவது என்று எலியின் கட்டிச் செல் வகைகளை வரிசைப்படுத்தி, அவை அடிச்சவ்வுக் கொலாஜனை எவ்வளவு கரைக்கின்றன என்று அளந்தார்கள். பரவுகிறவை அதிகம் கரைத்தன. லியோட்டா மூன்று படியில் கதையைச் சொன்னார்: புற்றுச்செல் சவ்வில் ஒட்டும், கரைக்கும், நகரும். பாடப்புத்தகத்தில் ஏறிய வேகம் அபாரம். குற்றம் நடந்த இடத்தில் கத்தி கிடைத்தாயிற்று, கத்தியைப் பிடுங்கினால் போதும்.

இந்தக் கத்தியின் தடத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெகுகாலம் முன்பு சில மாதங்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாக இருந்தேன். எச்டி-1080 என்று ஒரு மனிதப் புற்றுச்செல் வகை. அவை வளர்ந்த திரவத்தை எடுத்து, ஜெலட்டின் கலந்த ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டுவோம். புரதங்கள் எடை வாரியாக வரிசை கட்டும். சோப்புச் சத்தைக் கழுவி, கால்சியம் கலந்த நீரில் 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் நீலச் சாயத்தில் முக்கினால் ஜெல் முழுதும் கருநீலமாகும். அதன் நடுவே துடைத்த மாதிரி இரண்டு வெள்ளைக் கோடு. மேலே 92 கிலோடால்டன், கீழே 72. எம்எம்பி-9-உம் எம்எம்பி-2-உம் ராத்திரி உட்கார்ந்து ஜெலட்டினைத் தின்ற இடம். 1962-இன் தெளிந்த வளையத்தைத்தான் கோடாக்கிப் பார்க்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொரு சோதனைக்கு எலிக் கட்டியிலிருந்து எடுத்த அடிச்சவ்வுச் சாறு வேண்டும். மேட்ரிஜெல் என்று விற்பார்கள், தங்க விலை. பாயாவுக்கு நேர் எதிர் குணம் அதற்கு. ஐஸில் இருக்கும்வரை தண்ணீர், வெளியே எடுத்தால் கட்டி. நான் பேச்சு சுவாரசியத்தில் புட்டியை மேசையில் வைத்துவிட்டேன். “ஐஸ்லேர்ந்து எடுத்துட்டியா? போச்சு போ” என்றார் சீனியர் அக்கா. கவிழ்த்துப் பார்த்தேன், கொட்டவில்லை.

ஜப்பானின் கானசாவா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி சாட்டோவும் மோட்டோஹாரு செய்கியும் 1994-இல் கொண்டுவந்த கண்டுபிடிப்பு எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது. எம்எம்பி-2 கட்டிகளில் வாய் திறந்த நிலையில் கிடைக்கிறது. திறந்தது யார் என்று தெரியவில்லை. அவர்கள் கண்டெடுத்த நொதிக்கு ஒரு வால் இருந்தது. அந்த வால் செல்லின் தோலுக்குள் புதைந்து நிற்கும். கத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற நொதிகளெல்லாம் செல்லிலிருந்து வெளியேறிப் போய் எங்கோ வேலை செய்ய, இது செல்லின் முன்னங்காலிலேயே பொருத்திய கொழு. மறு ஆண்டு இன்னொரு விசித்திரம் தெரிந்தது. இந்தக் கொழு எம்எம்பி-2-ஐப் பிடித்து வாய் திறக்க வைக்க, இடையில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர் வேறு யாருமில்லை, காவலுக்கு நின்ற டிம்ப்-2. கான்ஸ்டபிளே கதவைப் பிடித்துக்கொள்கிறார். அளவு அதிகமானால் தடுக்கிறார், அளவாக இருந்தால் உதவுகிறார்.

இதற்கு முன்பே, 1990-இல், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மார்பகக் கட்டிகளில் இந்தக் குடும்பத்தின் பதினோராவது உறுப்பினரைக் கண்டவர்கள், அதைச் செய்வது யார் என்று மைக்ரோஸ்கோப்பில் தேடினார்கள். புற்றுச்செல் செய்யவில்லை. அதைச் சூழ்ந்திருந்த சாதாரண நார்ச்செல்கள், உடம்பின் சொந்த வேலைக்காரர்கள், செய்துகொண்டிருந்தார்கள். புற்றுச்செல் பக்கத்தில் வந்து நின்று சமிக்ஞை கொடுக்கிறது; அவர்கள் காயம் ஆற்ற வந்த நினைப்பில் கத்தரியை எடுக்கிறார்கள். பிற்பாடு 2000-இல், எலியின் தோல் கட்டியில் எம்எம்பி-9 எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த வெள்ளணுக்களின் சப்ளை என்று தெரிந்தது. கத்தி திருடனுடையது இல்லை. வீட்டு ஆசாரியின் பையிலிருந்து போனது. இந்த ஒரு விஷயத்தில் நின்று யோசித்திருந்தால் பின்னால் வந்த பல சங்கடம் மிச்சமாகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். யோசிக்க யாருக்கும் நேரமில்லை. மருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

மருந்து அழகானது, அதையும் சொல்ல வேண்டும். கொலாஜனில் அறுபடும் அந்த ஓரிடத்தைப் போலவே ஒரு சின்ன மூலக்கூறு; முனையில் துத்தநாகத்தை நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் கவ்வும் ஒரு கொக்கி. நொதி சாப்பாடு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும், வாய் பூட்டிக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டிஷ் பயோடெக் கம்பெனி முதலில் செய்தது பட்டிமாஸ்டாட். எலிகளில் கட்டி பரவாமல் தடுத்தது. வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் ஏறாது என்பதால் வயிற்றறைக்குள் செலுத்த வேண்டியிருந்தது. அடுத்து வந்த மாரிமாஸ்டாட் மாத்திரை, தினம் இரண்டு வேளை. பங்குச் சந்தை கொண்டாடியது. உலகம் முழுக்கப் பத்துக்குமேற்பட்ட கம்பெனிகள் களத்தில் இறங்கின. 1998-இல் பிரிட்டிஷ் பயோடெக்கின் மருத்துவ ஆய்வுத் தலைவர் ஆண்ட்ரூ மில்லர், இந்த மருந்துகளைப் பற்றிய தம் சந்தேகத்தைப் பங்குதாரர்களிடம் பேசியதற்காக வேலையை இழந்தார். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது.

சோதனை முடிவுகள் வர ஆரம்பித்தன. கணையப் புற்றுநோயாளிகள் 414 பேரிடம் மாரிமாஸ்டாட்டைப் பழைய மருந்தான ஜெம்சிடாபைனோடு ஒப்பிட்டார்கள். ஜெம்சிடாபைன் எடுத்தவர்களில் பாதிப்பேர் 167 நாள் கடந்தார்கள். மாரிமாஸ்டாட்டின் அதிக அளவு எடுத்தவர்களுக்கு அது 125 நாள். பேயர் கம்பெனியின் மருந்து இன்னும் மோசம். 277 கணைய நோயாளிகளில் நடந்த சோதனையில் ஜெம்சிடாபைனின் 6.59 மாதத்துக்கு எதிராக 3.74 மாதம். 1999-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஒவ்வொரு தசமத்துக்குப் பின்னாலும் ஒரு படுக்கை இருந்திருக்கும்.

எண்களைவிட என்னைத் தொட்டது பக்கவிளைவுதான். மாரிமாஸ்டாட் எடுத்தவர்களுக்குச் சில வாரங்களில் தோளில் பிடிப்பு வரும். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. பிறகு உள்ளங்கையில் கயிறு திரண்ட மாதிரி ஆகி, விரல் மடங்கி, நிமிர மறுக்கும். மருந்தை நிறுத்தினால் மெல்லச் சரியாகும். உடம்பில் தினம் நடக்கும் பழுது வேலைக்காரனின் கையைக் கட்டிப்போட்டால் மூட்டில் குப்பை சேராதா? திருடனைப் பிடிக்கிறேன் என்று ஊரிலுள்ள ஆசாரி, கொத்தனார் எல்லோர் கையிலும் விலங்கு மாட்டினால் வீடுகளெல்லாம் ஒழுகத்தான் செய்யும்.

தோல்விக்குக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எலிக்கு மருந்து கொடுத்தது கட்டி சிறிதாக இருக்கையில்; மனிதருக்குக் கொடுத்தது பரவி முடிந்த பிறகு. 1999-இல் ஓர் எலிச் சோதனையிலேயே இது தெரிந்திருந்தது: பட்டிமாஸ்டாட் ஆரம்பக் கட்டத்தில் பலித்தது, முற்றிய கட்டத்தில் பலிக்கவில்லை. வேலி தாண்டிப் போன மாட்டுக்கு வேலியைப் பலப்படுத்தி என்ன பயன்? அடுத்து, 23 பேரில் சிலர் நல்லவர்கள். ஸ்பெயினில் ஒவியேடோ பல்கலைக்கழகத்தார் எம்எம்பி-8 இல்லாத எலிகளை வளர்த்து 2003-இல் சொன்னது: ஆண் எலிகளுக்குத் தோல் கட்டி அதிகம் வந்தது. அந்த நொதி இருந்தால் பாதுகாப்பு. எம்எம்பி-9-உம் நான்காம் வகைக் கொலாஜனை அறுக்கும்போது அதிலிருந்து விழும் ஒரு துண்டு, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கிறது. அவ்வளவு பேரையும் ஒரே மாத்திரையால் பூட்டினால் யார் பக்கம் லாபம்?

மூன்றாவது காரணத்தைப் படமாகவே பிடித்தார்கள். 2003-இல் ஜெர்மனியில் பீட்டர் ஃப்ரீடலின் குழு, நான் பழகிய அதே எச்டி-1080 செல்களைக் கொலாஜன் வலைக்குள் விட்டு, எல்லா நொதிக்கும் பூட்டு போட்டது. செல்கள் நிற்கவில்லை. நீண்டு, கால் ஊன்றி, கரைத்துக்கொண்டு போனவை, இப்போது உருண்டை பிடித்து, அமீபா மாதிரி நெளிந்து, இருக்கிற சந்துகளில் பிதுங்கிக்கொண்டு போயின. ஆனால் அதற்கும் எல்லை உண்டு என்று பத்தாண்டு கழித்துக் கண்டார்கள். சன்னல் கம்பியில் தலை நுழைந்தால் உடம்பு நுழையும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே கணக்கு. செல்லின் தலை என்பது அதன் உட்கரு. சந்தின் பரப்பு உட்கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால், நொதி இல்லாத செல் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் கத்தரி கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் கைவிடாதவர்கள் எம்எம்பி-9-ஐ மட்டும் குறிவைக்கும் ஓர் ஆன்டிபாடி செய்தார்கள். இரைப்பைப் புற்றுநோயில் அதன் பெரிய சோதனை முடிவு 2021-இல் வெளியானது. ஆயுள் கூடவில்லை. இன்றைக்குக் கொலாஜனேஸை அடக்குவதற்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, பல் ஈறு நோய்க்கான 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின்தான். 1998-இலிருந்து கடையில் கிடைக்கிறது. இன்னொரு வேடிக்கை: கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் கொலாஜனேஸ் 2010-இல் மருந்தாகவே வந்துவிட்டது. உள்ளங்கையில் கயிறு திரண்டு விரல் மடங்கிப்போன ஆட்களுக்கு, அந்தக் கயிற்றில் அதை ஊசியால் போடுகிறார்கள். மாரிமாஸ்டாட் கொடுத்த மாதிரியான நோய்க்கு, மாரிமாஸ்டாட் அடக்கப் பார்த்த தொழிலே வைத்தியம்.

தலைப்பிரட்டையில் ஆரம்பித்த கத்தரி கடைசியில் நம் வாய்க்குள் வந்து நிற்கிறது. அதைச் சொல்லத் தோல் பதனிடுவதிலிருந்து தொடங்க வேண்டும். சென்ற நூற்றாண்டில் நம் தோல் தொழில் வடஆர்க்காட்டிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம் பட்டையை நம்பி இருந்தது. பட்டைச் சாற்றில் பச்சைத்தோலை ஊறப்போட்டால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து கொலாஜனைப் பற்றி இறுக்கும். அப்புறம் தோல் அழுகாது, எந்த நொதிக்கும் மசியாது. பாக்கிலும் அதே துவர்ப்பு உண்டு. வருடக்கணக்காகக் கன்னத்தில் பாக்கை அதக்குகிறவர்களுக்கு வாயின் உள்சுவரில் கொலாஜன் கட்டுக்கட்டாகச் சேர்கிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் நார்ச்செல்லைத் தூண்டுகிறது, தாமிரம் நார்களைக் குறுக்கே தைக்கிறது, துவர்ப்பு அவற்றைப் பதனிட்ட தோலாக்குகிறது. கத்தரியின் சுறுசுறுப்பு குறைந்து, டிம்ப் கூடிவிடுகிறது. சுவர் வெளிறி, மரத்துப்போய், காரம் தாங்காமல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் முதலில் பதிவான இந்த நோயை வாய் அடிச்சளிச்சவ்வு நார்க்கட்டு என்று சொல்லலாம். எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட 66 பேரைப் 17 ஆண்டு தொடர்ந்து கவனித்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோயாக மாறியது. கத்தரி அதிகமானாலும் கேடு, குறைந்தாலும் கேடு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் முதல் பிரிவில் வைத்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத பிரிவு அது.

பாக்கு போடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் சும்மா விளையாட்டுப் போலக் கேளுங்கள்: நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்று. நுழையாவிட்டால் அந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.